நடுவில்தான் சரக்கு

செல்லச்சாமிக்குப் பால்காரர் மேல் சந்தேகம், கேபிள்காரர் மேல் சந்தேகம், குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று போனில் சொல்கிற சொந்தக்காரர்கள் மேலும் சந்தேகம். மேலகரத்தில் இருக்கும் அவர் வீட்டுக்கு யாராவது வந்து, "சும்மா இந்தப் பக்கமா வந்தேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். காப்பி கொடுத்து, ஊர்க்கதை பேசி, வழியனுப்பி வைத்த பிறகும் அவர்கள் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். சும்மா ஒருவன் எங்கேயும் போகமாட்டான் என்பது அவர் கட்சி. "கல்யாணத்தன்னைக்கே தாலியத் திருப்பித் திருப்பிப் பாத்த மனுசன்" என்று அவர் மனைவி தங்கத்தாய் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. தொழில் அப்படி. ஆய்க்குடியில் வயல்காரக் குடும்பத்தில் பிறந்து, போலீஸில் சேர்ந்து, இன்றைக்கு ஸ்பெஷல் எஸ்.ஐ. ஆகியிருக்கிறார். இளவயதில் பல சீசனுக்கு மெயினருவியில் டூட்டி. குளிக்கிற கூட்டத்தில் எவன் தண்ணீரைப் பார்க்காமல் கரையில் கிடக்கிற துணிமணியைப் பார்க்கிறானோ, அவன் பின்னாலேயே போய் ஈரக்கையோடு பிடித்துவிடுவார். பிறகு கேரள எல்லையில் ஒரு சோதனைச் சாவடிக்கு மாற்றினார்கள். அங்கே போனதும் மனிதருக்குச் சந்தேகம் ஒரு வியாதியாகவே முற்றிவிட்டது.

லாரிகளைப் பார்த்துப் பார்த்து அவர் கண்டுபிடித்த சூத்திரம் ஒன்று உண்டு. நடுவில்தான் சரக்கு. கடத்துகிறவன் மேலேயும் ஓரத்திலும் வைக்கோலோ தேங்காய் மட்டையோ ஒழுங்காக அடுக்கியிருப்பான். முனையைப் பிரித்துப் பார்க்கிற போலீஸ்காரன் ஏமாந்து போவான். நேராக நடுவில் குத்தூசியை இறக்கினால் ரேஷன் அரிசி கொட்டும். இன்னொன்றும் வைத்திருந்தார். யாரிடமும் நேராகக் கேட்கக் கூடாது. கேட்டால் பொய் சொல்ல அவகாசம் கொடுத்ததாக ஆகும். பக்கத்தில் நின்று வேறு யாரிடமோ பேசுவது போல விஷயத்தைப் பேசிவிட்டு, ஆள் முகத்தை மட்டும் பார்க்க வேண்டும். கூட வேலை பார்த்த காவலர் சங்கிலிப்பாண்டிக்கும் வீட்டில் இருந்தவர்களுக்கும் இந்த இரண்டையும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இப்படிப்பட்ட மனிதருக்கு மகனாகப் பிறந்தது சுபாஷின் தலையெழுத்து.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சுபாஷ் நீளம் தாண்டுவதில் கெட்டிக்காரன். அவன் தாண்டிய குழியை அளந்துவிட்டு ஆட்கள் மறுபடியும் அளப்பார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸில் சேர்ந்துவிடுவான் என்று செல்லச்சாமி மனக்கோட்டை கட்டியிருந்தார். ஆனால் தென்காசியில் கல்லூரிக்குப் போன பிறகு பையனின் போக்கு மாறியது. ஒரு போட்டியில் குண்டு எறிதல், ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம், உயரம் தாண்டுதல் என்று பெயர் கொடுத்தான். அடுத்ததில் வட்டு எறிதல், தடை தாண்டும் ஓட்டம், ஈட்டி. இது என்ன சேர்மானம் என்று யாருக்கும் விளங்கவில்லை. குண்டு எறிகிறவர்கள் எல்லாம் தூண் மாதிரி நின்றார்கள். ஆயிரத்து ஐந்நூறு ஓடுகிறவர்கள் எல்லாம் ஒட்டிய கன்னத்தோடு நின்றார்கள். இரண்டு கும்பலிலும் சேராமல் நடுவில் சுபாஷ் நின்றான். குண்டில் ஆறாவது, ஓட்டத்தில் கடைசிக்கு முந்தி. நீளம் தாண்டுதலில் அவன் இறங்கவே இல்லை. அதில் முதலாவதாக வந்தவன் அவனுடைய சிநேகிதன் உசாமா.

கேலரியில் உட்கார்ந்திருந்த செல்லச்சாமிக்குப் பொறி தட்டியது. ஜெயிக்கக் கூடியவன் ஜெயிக்கக் கூடிய இடத்தில் இறங்காமல் தோற்கிற இடத்தில் இறங்குகிறான் என்றால் ஏதோ இருக்கிறது. அவர் கல்லூரியின் விளையாட்டு ஆசிரியர் ஏசுதாசனைப் போய்ப் பார்த்தார்.

"டெக்கத்லான் சார் அவனுக்கு. ரெண்டு நாள்ல பத்து ஐட்டம். எல்லாத்துலயும் சுமாரா வந்தாத்தான் புள்ளி சேரும்" என்றார் ஏசுதாசன். "மத்தப் போட்டியில ஒரு ஆளு மூணு ஐட்டத்துலதான் எறங்கலாம். அதனால எதுல எதுல வீக்கோ அதுல எறக்கி விடுதேன். நீளம் தாண்டுதது அவனுக்குத் தூக்கத்துல வரும். அதுல எதுக்கு எறங்கணும்?"

நல்ல பதில்தான். தடங்கல் இல்லாமல் வந்த பதில். அதனாலேயே செல்லச்சாமிக்கு நம்பிக்கை வரவில்லை. கேட்டதும் இவ்வளவு சரளமாகச் சொல்கிற ஆட்களை அவர் சாவடியில் நிறையப் பார்த்திருக்கிறார்.

அன்றிலிருந்து வீட்டுக்குள்ளேயே டூட்டி ஆரம்பமானது. சுபாஷின் பையில் வெள்ளைப் பொடி ஒரு டப்பா இருந்தது. அவன் குளிக்கப் போன நேரத்தில் அதில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். சுண்ணாம்பு மாதிரி இருந்தது. கை வியர்க்காமல் இருக்க ஈட்டி எறிகிறவர்கள் பூசிக்கொள்கிற பொடி அது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பையன் விடிந்ததும் விடியாததுமாக உசாமாவோடு வண்டியில் குற்றாலம் பக்கம் போனான். ஒரு நாள் குல்லாயும் மப்ளருமாகப் பின்னாலேயே போனார். பழைய குற்றாலம் போகிற வழியில், வயல் ஓரத்து வாய்க்காலில், மகன் ஒரு நீள மூங்கிலை ஊன்றி இக்கரையிலிருந்து அக்கரைக்குத் தாண்டிக்கொண்டிருந்தான். பாதி தரம் சேற்றில் விழுந்தான். உசாமா கரையில் நின்று விழுந்து விழுந்து சிரித்தான்.

இன்னொரு தகப்பன் என்றால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பான். செல்லச்சாமி டீக்கடையில் நின்று, "வாய்க்காலத் தாண்டுததுக்கா ஒருத்தன் வெள்ளன எந்திரிச்சி வருவான்?" என்று டீக்கடைக்காரரிடம் கேட்டார். கடைக்காரர் அவர் மப்ளரைப் பார்த்துவிட்டு டீயை ஆற்றினார்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மனிதரின் வயிற்றில் இருந்தது பயம். சாவடியில் பிடிபட்ட பையன்களின் தகப்பன்மார் வந்து நிற்பதை அவர் பார்த்திருக்கிறார். சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல், யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டு நிற்பார்கள். அப்படி ஒரு நாள் நாமும் நிற்க வேண்டி வருமோ என்ற நினைப்பு வந்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. இதை அவர் தங்கத்தாயிடம் சொன்னதில்லை, சுபாஷிடம் சொன்னதே இல்லை.

இந்த வருடம் பல்கலைக்கழக அளவிலான போட்டியைத் தென்காசியிலேயே ஒரு கல்லூரி நடத்துவதாக முடிவானது. அதற்கு முந்திய வாரம் ஒரு பகல் வேளையில், கேரளாவில் காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரி ஒன்று சாவடியில் நின்றது. அங்கேயிருந்து மருத்துவமனைக் குப்பையை ஏற்றி வந்து இங்கே கொட்டுகிறார்கள் என்று அப்போது கெடுபிடி அதிகம். டிரைவர் மன்சூர் தென்காசிக்காரர், தெரிந்த ஆள்தான். லாரியின் மேல் ஒரு பக்கம் முழுக்க நீளமாக ஏதோ கட்டியிருந்தது. பழைய போர்வை சுற்றி, இரண்டு முனையிலும் நறுவிசாகக் கட்டுப் போட்டிருந்தது.

"என்னது மன்சூர் அது?"

"நம்ம சுபாசுக்குத்தான் சார். ஊனித் தாண்டுத போல் வால்ட் கம்பு. புனலூர்ல ஜிதின்னு ஒரு சேட்டன் இரவல் குடுத்தாரு. காலேஜில கம்பு இல்லேல்லா, அதான்."

செல்லச்சாமி விரலால் தட்டிப் பார்த்தார். உள்ளே பொள்ளல். மூங்கிலும் இல்லை, இரும்பும் இல்லை. தூக்கினால் கனமே இல்லை. கேரளாவில் இருந்து மகன் பெயருக்கு, பொள்ளலாக, இரண்டு முனையையும் மூடி ஒரு குழாய் வருகிறது. வீட்டில் வெள்ளைப் பொடி இருக்கிறது.

சங்கிலிப்பாண்டி முன்னால் பிரிக்க மனம் வரவில்லை. "நீ போயிச் சாப்பிட்டுட்டு வா" என்று மன்சூரைப் பக்கத்துப் புரோட்டாக் கடைக்கு அனுப்பினார். போகும் முன் லாரியைப் பக்கத்து வெல்டிங் பட்டறையின் பின்பக்கம் நிறுத்தச் சொன்னார். பட்டறைக்காரரிடம் டிரில்லிங் மெஷினை வாங்கிக்கொண்டு தானே மேலே ஏறினார். முனையில் பார்ப்பதில் அர்த்தமில்லை, நடுவில்தான் சரக்கு. போர்வையை விலக்கிக் கம்பின் சரி நடுவில் விரல் நுழைகிற அளவுக்குத் துளை போட்டார். உள்ளே கம்பியை விட்டுத் துழாவினார். ஒன்றும் இல்லை. காற்றுதான் இருந்தது.

ஒரு நிமிடம் அவருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. என் பிள்ளை நல்ல பிள்ளை. அடுத்த நிமிடமே வெட்கம் வந்தது. இதை அவனிடம் எந்த முகத்தோடு சொல்வது? எம்-சீல் பசையை உருட்டித் துளையை அடைத்து, மேலே துணி டேப்பை நாலு சுற்றுச் சுற்றி, போர்வையை இழுத்துவிட்டு இறங்கினார். மன்சூர் வந்து லாரியைப் பார்த்தார், பட்டறையைப் பார்த்தார், செல்லச்சாமியின் சட்டையில் ஒட்டியிருந்த வெள்ளைத் துகளைப் பார்த்தார். போலீஸ்காரர்களிடம் எதுவும் கேட்காமல் இருப்பது லாரி ஓட்டுகிறவர்களின் வழக்கம். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சின்னத் துளைதானே, கம்பு என்ன தேய்ந்தா போகும் என்று செல்லச்சாமி தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டார். வீட்டில் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. சுபாஷும் எடுக்கவில்லை. அவன் வழக்கத்தை விடக் கொஞ்சம் அமைதியாக இருந்தான், சாப்பிடும்போது அப்பா முகத்தை இரண்டொரு தரம் பார்த்தான். போட்டிப் பயம் என்று இவர் நினைத்துக்கொண்டார். வாழ்க்கையில் அவர் சந்தேகப்படத் தவறிய ஒரே பார்வை அதுதான்.

போட்டியின் முதல் நாள் டெக்கத்லானில் சுபாஷ் மூன்றாவது இடத்தில் இருந்தான். முதல் இரண்டு பேரைத்தான் அடுத்த பெரிய போட்டிக்கு அனுப்புவார்கள். இரண்டாம் நாள் மதியம் கோலூன்றித் தாண்டுதல். அதில் எல்லா வருடமும் மூங்கிலை வைத்துக்கொண்டு சுபாஷ் வாங்குகிற புள்ளி சொற்பம். ஜிதினின் கம்பு இருந்தால் இந்தத் தரம் மேலே வந்துவிடலாம் என்று ஏசுதாசன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். செல்லச்சாமி லீவு போட்டுவிட்டு வந்து கேலரியில் உட்கார்ந்திருந்தார். தூரத்தில், ஓடுபாதையின் கோடியில், உடம்பு முழுக்க டேப் சுற்றிய நீளக் கம்பைத் தூக்கிக்கொண்டு மகன் நின்றான்.

அவருக்கு இரண்டு படி கீழே உசாமா இன்னொரு பையனோடு உட்கார்ந்திருந்தான்.

"இந்தக் கம்பு எப்படி வேல செய்யுதுன்னு தெரியுமால?" என்று அந்தப் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "ஊனுன ஒடனே நடுவுல வில்லு மாரி வளையும். அந்த வளைவுதான் ஆளத் தூக்கி விடுதது. நடுவுல ஒரு கீறல் இருந்தாப் போதும். பாதி ஒசரத்துல படக்குன்னு ஒடியும். ஒடிஞ்ச முனை வவுத்துல ஏறுனாலும் ஏறும், கண்ணுல ஏறுனாலும் ஏறும்."

சொல்லிவிட்டு உசாமா திரும்பிச் செல்லச்சாமியின் முகத்தைப் பார்த்தான்.

கீழே வெள்ளைச் சட்டை போட்ட நடுவர் கொடியைத் தூக்கினார். சுபாஷ் கம்பை இடுப்புக்கு உயர்த்தினான். செல்லச்சாமி எழுந்தார். முன்னால் இருந்தவர்களின் தோளையும் தொடையையும் மிதித்துக்கொண்டு இறங்கினார். கம்பி வேலியைத் தாண்டும்போது வேட்டி கிழிந்தது. யாரோ கையைப் பிடித்து, "பெருசு, எங்க போறீரு?" என்றார்கள். உதறிவிட்டு ஓடினார்.

"ஏலே சுபாசு! நில்லுலே! ஓடாதலே! கம்பக் கீழ போடு!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. நடுவர் குறுக்கே வந்தார்.

"நாந்தாம்லே ஓட்டை போட்டேன்! கம்புல நடுவுல ஓட்டை கெடக்குலே! ஓங்கப்பன்தான் போட்டேன்! எம்மேலதான் தப்பு, ஓடாதலே!"

போலீஸில் இத்தனை வருடம் இருந்தவர், எத்தனையோ பேரை ஒப்புக்கொள்ள வைத்தவர், ஊர் பார்க்கக் கிழிந்த வேட்டியோடு ஒப்புக்கொண்டு நின்றார். சட்டைப் பொத்தான் இரண்டு அறுந்திருந்தது. எதிரே நின்ற நடுவரை அவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

சுபாஷ் கம்பை இறக்கிவிட்டு அவரிடம் வந்தான். கம்பை அவர் கையில் கொடுத்தான். கனத்தது. டேப்புக்கு அடியில் கணு கணுவாகக் கையில் தட்டுப்பட்டது. அது மூங்கில்.

"அந்தக் கம்பு கூடாரத்துல கெடக்குப்பா. டேப்ப அவுத்துப் பாத்துட்டுத் திரும்பச் சுத்தி வச்சிட்டேன். மன்சூர் அண்ணன் அன்னைக்கே சொல்லிட்டாரு."

செல்லச்சாமி கேலரியைத் திரும்பிப் பார்த்தார். உசாமா எழுந்து நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் நின்று வேறு யாரிடமோ பேசுவது போலப் பேச வேண்டும், முகத்தை மட்டும் பார்க்க வேண்டும். அவருக்கு எல்லாம் விளங்கியது.

"நீங்க சந்தேகப்பட்டதுகூடப் பெருசில்லப்பா" என்றான் சுபாஷ். "அது ஒங்க சுபாவம். ஓட்டைய ஒட்டி மறைச்சி அனுப்பிட்டு, வீட்ல எங்கூட ஒக்காந்து சாப்பிட்டீகளே. நான் அதுல ஏறித் தாண்டுவேன்னு தெரியும்லா? இன்னைக்கு நீங்க எந்திரிச்சி வருவீகளா மாட்டீகளான்னு எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சி."

ஒடியும் என்று தெரியாது என்று செல்லச்சாமி சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. சாவடியில் பிடிபடுகிற எல்லாரும் தெரியாது என்றுதான் சொல்வார்கள். அதனால் அவர் சொல்லவில்லை.

நடுவர்கள் கூடிப் பேசி, அவரை வெளியே அனுப்பிவிட்டு, சுபாஷுக்கு மறுபடி வாய்ப்புக் கொடுத்தார்கள். கம்பு எதனால் செய்ததாக இருந்தாலும் விதி தடுக்காது. பழைய குற்றாலத்து வாய்க்காலைத் தாண்டிய அதே மூங்கிலை ஊன்றிச் சுபாஷ் முதல் உயரத்தைத் தாண்டினான், அடுத்ததையும் உரசிக்கொண்டு தாண்டினான். அதற்கு மேல் மூங்கில் வளையவில்லை. ஈட்டியிலும் ஓட்டத்திலும் உயிரைக் கொடுத்துப் பார்த்தும் கடைசியில் நாலாவது இடம்தான் கிடைத்தது. ஏசுதாசன் செல்லச்சாமியோடு பேசாமலே போனார்.

கூட்டம் கலைந்த பிறகு சுபாஷ் ஜிதினின் கம்பை எடுத்து வந்து அப்பா முன்னால் வைத்தான். அடி முனையில் இருந்த ரப்பர் மூடியைப் பிடித்து இழுத்தான். பொசுக்கென்று கழன்று வந்தது. மேல் முனையிலும் ஒரு மூடி. அதுவும் கழன்றது. செல்லச்சாமி அந்த இரண்டு மூடிகளையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத நீங்களே கொண்டு போயி ஜிதின் சேட்டன்ட்ட குடுங்க. ஓட்டை எப்படி விழுந்துச்சின்னும் நீங்களே சொல்லிருங்க" என்றான் சுபாஷ். அப்புறம் தானே மூடிகளைத் திரும்ப மாட்டி, அவர் கிழிந்த வேட்டியைப் பார்த்துவிட்டு, "வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்று வண்டியை எடுத்தான்.

அடுத்த வாரம் மன்சூரின் காய்கறி லாரியில், முன்சீட்டில் வெள்ளைச் சட்டையோடு செல்லச்சாமி உட்கார்ந்திருந்தார். கம்பு மேலே கட்டியிருந்தது. சாவடியில் சங்கிலிப்பாண்டி கை காட்டி நிறுத்தினான். உள்ளே இருந்த ஆளைப் பார்த்ததும் சல்யூட் அடித்தான். கண் மட்டும் மேலே போனது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பிறகு டிரைவர் பக்கம் போய், "இப்பல்லாம் கம்புக்கு நடுவுல எதுக்கு மன்சூர் டேப்பு ஒட்டுதாங்க?" என்றான். மன்சூரிடம் கேட்டுக்கொண்டே செல்லச்சாமியின் முகத்தைப் பார்த்தான்.

செல்லச்சாமிக்குச் சிரிப்பு வந்தது. கதவைத் திறந்து இறங்கினார்.

"அவுத்து எறக்குலே" என்றார்.

கம்பை இறக்கினார்கள். டேப்பைத் தானே பிரித்து, அடைத்த துளையைக் காட்டினார். யார் போட்டது, எங்கே வைத்துப் போட்டது, அதனால் பையனுக்கு என்ன போச்சு என்று ஒன்று விடாமல் சொன்னார். பிறகு அவர் அடி முனையின் ரப்பர் மூடியை இழுத்தார், மேல் முனையின் மூடியையும் கழற்றினார்.

"கண்ண வச்சிப் பாரு."

சங்கிலிப்பாண்டி குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். உள்ளே சுத்தமாக இருந்தது. அந்தப் பக்கத்து முனையில் மலையும் கொஞ்சம் வானமும் தெரிந்தன.

"ஒண்ணுமில்லையே அண்ணாச்சி."

"ஒண்ணுமில்ல" என்றார் செல்லச்சாமி. "எம்மவன்ட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, அவனே கழத்திக் காட்டியிருப்பான்."

மூடிகளை மாட்டிவிட்டு, கம்பை லாரியில் பத்திரமாகக் கட்டச் சொல்லிவிட்டு, புனலூருக்குப் போக வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.